பொத்தானில் காய்ந்த சந்தனம்

காய்ந்து, நடுவில் வெடித்து, ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது அந்தச் சந்தனப் பொட்டு, அதன்மேல் வைத்த குங்குமம் பழுப்பேறிவிட்டது, போன வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் பொத்தானில் என் மனைவி பகவதி வைத்தது, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகிறேன், பக்கத்தில் அவள், பொட்டு என்னையே பார்த்துக்கொண்டு வருகிறது, நான் ரோட்டைப் பார்க்கிறேன், ஒரு வருஷமாக இப்படித்தான் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறேன், பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும், போன விஜயதசமி காலையில் நான்தான் முதலில் போட்டுப் பார்த்தேன், இப்படிச் சந்தனத்தக் கொழச்சு அப்புனா எந்த மிஷின் ஓடும் என்று கத்தினேன், அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே அவள் தம்பி ஆவுடையப்பன் இருந்தான், அவன் குரல், குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுவான், அங்கே அதுதான் லீவு நாள், பேசியதெல்லாம் அவள் போனில் தானாகப் பதிவாகிக் கிடந்தது, பிறகு ஒரு காய்ச்சலில் அங்கேயே போய்விட்டான், உடம்பு வந்துசேரப் பதினோரு நாள் ஆயிற்று, சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள், தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை, குரல்தான் மிச்சம், போன் நிறைந்து திணறியபோது, இத எங்கயாவது பத்திரமா வச்சுத் தாங்களேன் என்று கேட்டாள், கம்ப்யூட்டரில் ஏற்றினேன், போனில் இருந்ததை அழித்தும் கொடுத்தேன், இனி ஒனக்குக் கவலையே இல்ல என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

அந்த ஆயுத பூஜைக் காலையில், எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒன்றை ஓடவிட்டேன், அக்கா சாப்ட்டியா என்றான் ஆவுடை, இன்னைக்கி மீன் கொழம்பு வச்சேன், ஒன் கை மணம் வரலக்கா என்றான், நான்கூடச் சிரித்தேன், அத்தான் இருக்காவளா, ஒரு வார்த்த பேசிக்கிடுதேன் என்றான், அப்போது அதே பதிவில், பின்னால் ஒரு குரல், யாரோ ஒருவன், சலிப்பாக, இல்லன்னு சொல்லு என்றான், அந்த யாரோ நான்தான் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று, என் குரல் வெளியிலிருந்து கேட்க அவ்வளவு கேவலமாக இருக்குமென்று எனக்குத் தெரியாது, அவனிடம் எனக்குக் கோபம் கிடையாது, சண்டை கிடையாது, பேச்செடுத்தால் விடமாட்டான், நான் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான், ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு வெள்ளிக்கிழமை இல்லை, எல்லா வெள்ளிக்கிழமையும் அவனுக்கு நான் வீட்டில் இல்லை, அதற்குள் அடுக்களையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு பகவதி வரும் கொலுசுச் சத்தம், அவன் என்ன பதில் சொல்கிறான் என்று கேட்கக்கூட நிற்காமல், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பட்டென்று பிடுங்கினேன், அவள் வந்து, குனிந்து, பொட்டு வைத்தாள், பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள் அது எழுந்திருக்கவில்லை, எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, இதைச் சொல்ல நாக்கூசுகிறது, நிம்மதியாகத்தான் இருந்தது, பழியைத் தூக்கிச் சந்தனத்தின்மேல் போட்டேன், ரிப்பேருக்குக் கொண்டுபோவோமா என்று அவள் கேட்டபோதெல்லாம், பாப்போம் என்றேன்.

சில சமயம் கனவில் போன் அடிக்கிறது, எடுக்கப் போகிறேன், கையெல்லாம் சந்தனம், வழுக்குகிறது, அத்தான் என்கிறான், அங்கே வெயிலில் நிற்கிறான், விழித்தால் பகவதி தூங்காமல் விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள், நேற்று இந்த வருஷப் பூஜை, மிக்சி, கிரைண்டர், அரிவாள்மணை, ஸ்கூட்டர் எல்லாம் கழுவித் துடைத்து வைத்தவள் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள், நீங்களே வைங்க, எங் கைபட்டு இன்னொண்ணு கெட்டுப்போவ வேண்டாம், வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஏதோ தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னாள், நான் கோணல்மாணலாக எல்லாவற்றுக்கும் வைத்தேன்.

அதனால் இன்றைக்கு இந்த ஆட்டோ, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், விஜயதசமிக்கும் அடைக்காத ரிப்பேர் கடை, அமலோற்பவம் என்று ஓர் அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஸ்குரூவைக் கழற்றுகிறாள், பகவதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சந்தனம் உள்ள போயிருக்குமோம்மா, நாந்தான் வச்சேன் என்கிறாள், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்வது மாதிரி, ஐயோ என்னக்கா, எங்கிட்ட வாரதுல பாதி பொட்டு வச்சதுதான், உள்ள ஒரு துளி போவல, ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்டு பட்டுன்னு போயிருக்கும், அதான் இப்படி என்றாள் அமலோற்பவம், அன்னைக்கிக் கரண்டு போவலியே என்றாள் பகவதி, இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், அப்போதாவது சொல்லியிருக்கலாம், போயிருக்கும், நீ அடுக்களைல இருந்த, கவனிச்சிருக்கமாட்ட என்றேன், இன்னும் ஒரு பொய், எவ்வளவு சுலபமாக வந்தது.

அமலோற்பவம் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள், அண்ணாச்சி, எல்லாம் இருக்கு, ஒண்ணும் போவல, எப்படி இருக்குன்னு கேட்டுக்கிடுங்க என்று ஒன்றைத் தட்டினாள், எத்தனையோ இருக்க அதுவா வரவேண்டும், அதுதான் வந்தது, அக்கா சாப்ட்டியா, பகவதி வாயைப் பொத்திக்கொண்டாள், மீன் கொழம்பு, அத்தான் இருக்காவளா, இல்லன்னு சொல்லு, கடை முழுக்கக் கேட்டது, சார்ஜர் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார், பிடுங்க இங்கே வயர் என் கைக்கு எட்டவில்லை, அவுக வெளிய போயிருக்காவ ஆவுடை என்கிறது பகவதியின் குரல், எனக்காகச் சொன்னது, அங்கே யாரோ லாரி ஓட்டும் சத்தம், பிறகு ஆவுடை சிரிக்கிறான், சரிக்கா, அத்தான் சத்தம் கேட்டுச்சு, நல்லா இருக்காவல்லா, போதும்.

வயரைப் புடுங்குனது நாந்தான் பகவதி, சந்தனம் இல்ல, என் சத்தம் எனக்கே பிடிக்கல, நீ வந்தியா, புடுங்கிட்டேன், ஒரு வருஷமா தெரியும் எனக்கு, இவ்வளவையும் கடையில் நின்றபடியே சொன்னேன், அவள் அழவில்லை, திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், நான் என் கையத்தான் தப்பு சொல்லிக்கிட்டு இருந்தேன் என்றாள், தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு, அவன் பொய்யின்னு தெரிஞ்சேதான் சிரிச்சிருக்கான், எனக்கு அது அவன் பேசுன அன்னைக்கே தெரியும் என்றாள், அமலோற்பவம் அவன் பேச்சையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள், பெட்டியோடு வீடு திரும்பினோம்.

வீட்டில் அவள் புதிதாகச் சந்தனம் குழைக்கிறாள், ஒரு நாள் தாமதமாக, மிக்சிக்கு, கிரைண்டருக்கு, அரிவாள்மணைக்கு, ஸ்கூட்டருக்கு, நான் வைத்த கோணல் பொட்டுகளைத் துடைத்துவிட்டுத் தானே வைக்கிறாள், பென் டிரைவை முந்தானையில் முடிந்திருக்கிறாள், கடைசியில் இந்த வெறும் பெட்டிக்கு முன்னால் வந்து பழைய பொட்டை நகத்தால் சுரண்டினாள், உதிர்ந்தது, கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள், இதுக்கு மட்டும் நீங்க வைங்க, விரலில் தொட்டு எடுத்துப் பொத்தானுக்கு நேரே கொண்டுபோனேன், ஈரச் சந்தனம் அமுங்கியது, நான் இருக்கேன் ஆவுடை, வீட்லதான் இருக்கேன் என்றேன், வாய்க்குள்ளேதான் சொன்னேன், அது எதிலும் பதிவாகவில்லை.