பின்பக்கம் கனத்த படகு

என் அண்ணனைத் தெருவில் எல்லோரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கிறவன். ஒரு வீட்டில் குழாயைக் கழற்றிவிட்டு அடுத்த வீட்டில் மோட்டாரைப் பிரிக்கப் போய்விடுவான். கெட்டவன் இல்லை, நிதானம் மட்டும்தான் கிடையாது.

நீர்த்தேக்கத்தின் அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் சேர வேண்டும். மழையில் மலைப்பாதை சரிந்து விழுந்து, வீட்டுச் சாமானோடு லாரி போக வழியில்லை. “எதுக்குக் கவலைப்படுறே? நம்ம படகுல ஒரே நடையா ஏத்திட்டுப் போயிடலாம்” என்றான் அண்ணன்.

நம்ம படகு என்று அவன் சொன்னாலும், அது அண்ணியின் கையில் இருந்த படகு. அக்கரைப் பக்கத்து மீன் பண்ணையில் அண்ணிக்கு வேலை. தினமும் தீவன மூட்டைகளோடு அந்தச் சின்ன ஃபைபர் படகில் தனியாகப் போய் வருவாள். அதில் இருந்த எட்டு எச்.பி. மோட்டார் போன வாரம் மக்கர் பண்ணியது. அண்ணன் அதைக் கழற்றிவிட்டு, பெரிய படகு ஒன்றிலிருந்து இருபத்தைந்து எச்.பி. மோட்டாரை வாங்கி வந்து மாட்டியிருந்தான். யாரும் திருடிவிடக் கூடாதென்று, அதைப் படகின் பின்பலகையோடு இறுக்கும் திருகுப் பிடிகளைச் சேர்த்து ஒரு பூட்டும் போட்டிருந்தான்.

கரையில் சாமான் ஏற்றும்போதே அண்ணி முகம் சரியில்லை. படகின் உட்பக்கம் ஒட்டியிருந்த தகட்டை விரலால் தட்டிக் காட்டினாள்.

“நாலு பேருக்கு மேல கூடாது, பத்து எச்.பி.க்கு மேல கூடாதுன்னு போட்டிருக்கான். ஆளு, சாமான், மோட்டார் எல்லாம் சேர்த்துத்தான் மொத்த எடையும் சொல்லியிருக்கான். மோட்டாரே ஒரு ஆள் கனம் இருக்குங்க.”

“கம்பெனிக்காரன் அப்படித்தான் எழுதுவான். பெரிய மோட்டார்னா இழுவை அதிகம். இழுவை அதிகம்னா பாரம் தாங்கும். இது கூடவா தெரியாது?”

“இழுக்கறது மோட்டார்தான். தாங்கறது படகில்லையா? ரெண்டு நடையா போகலாம்.”

“இருட்டறதுக்குள்ள நான் திரும்பணும். ஏறு, ஏறு.”

என் வீட்டுக்காரர் எப்போதும் போல யார் பக்கமும் பேசாமல், மெத்தையைத் தூக்கி உள்ளே வைத்தார். ஃபிரிட்ஜை முன்பக்கம் படுக்க வைத்தோம். நடுவில் பாத்திரப் பெட்டி, துணி மூட்டைகள். அதற்கு மேல் நாங்கள் நாலு பேரும், என் மகள் குட்டியும். இருந்த ஒரே சின்ன லைஃப் ஜாக்கெட்டைக் குட்டிக்கு மாட்டினாள் அண்ணி. பெரியவர்களுக்கு இருந்தவை இரண்டுதான். ஒன்றை என் தலை வழியாக மாட்டிவிட்டு, மற்றதை என் வீட்டுக்காரர் மடியில் போட்டாள்.

மோட்டார் உறுமியதும் படகின் மூக்கு எழும்பியது. பின்பக்கம் இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். பின்பலகையின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை. எங்களுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு மேடாகக் குவிந்து துரத்திக்கொண்டே வந்தது. அண்ணனோ முன்னால் பார்த்தபடி, “எப்படிப் போகுது பாத்தியா!” என்றான்.

பெட்ரோல் டேங்க்கைப் பின்னாலிருந்து நடுவுக்குத் தள்ளி வைத்தாள் அண்ணி. குட்டியை ஃபிரிட்ஜ் பக்கம் நகர்த்தினாள். பிறகு அண்ணன் காதருகே குனிந்து சொன்னாள். “எது வந்தாலும் சட்டுனு வேகத்தைக் குறைக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க.”

அவன் தலையாட்டினான். காதில் வாங்கினானா என்பது தெரியாது.

நடுத்தண்ணீரில் காற்று பிடித்தது. எதிரே மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று கடந்து போனது. அது கிளப்பிவிட்ட அலைகள் வரிசையாக வந்தன. முதல் அலையில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. குட்டி கத்தினாள். அந்தச் சத்தத்தில் பதறிப்போன அண்ணன் கைப்பிடியை ஒரேயடியாகத் திருகி வேகத்தை அணைத்தான்.

படகு நின்றது. பின்னால் துரத்தி வந்த தண்ணீர் நிற்கவில்லை. பின்பலகையைத் தாண்டி, அண்ணன் முதுகின் மேல் ஏறி, உள்ளே கொட்டியது. மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. கணுக்கால் வரை தண்ணீர். ஒரு செருப்பு மிதந்து போனது.

அண்ணன் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். அவன் பின்னால் சாயும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது.

“டேய், முன்னாடி வாடா!”

கத்தியது அண்ணி. கல்யாணமான நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்று மட்டுமே கூப்பிட்டவள். அண்ணன் அப்படியே கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து நடுவுக்கு வந்தான்.

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜின் மேல் கை வைத்தார். “மச்சான், இதைத் தள்ளிடுவோம். பிடிங்க.”

“அண்ணே, தொடாதீங்க!” என்றாள் அண்ணி. “அது முன்னாடி இருக்கறதாலதான் மூக்கு கீழ இருக்கு. அதைத் தள்ளினா பின்னாடி முங்கிடும். எழுந்து நின்னா கவிழ்ந்திடும். நீங்க துடுப்பை எடுத்து மூக்கைக் காத்துக்கு நேரா திருப்புங்க. போக வேண்டியது மோட்டார்தான்.”

அண்ணன் அவளைப் பார்த்தான். “பூட்டுப் போட்டிருக்கேனே” என்றான்.

“சாவி?”

ஈரப் பேன்ட் பாக்கெட்டுக்குள் அவன் கை இறங்கவில்லை. படுத்தபடியே இடுப்பை வளைத்து, துணியைக் கிழித்து, வீட்டுச் சாவிகளோடு சேர்ந்த அந்தக் கொத்தை எடுத்தான். “நான் போறேன்” என்றான்.

“நீ கனம். அங்கேயே இரு.”

சாவி என் கைக்கு வந்தது. விறைத்த விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்க, சாவியைப் பல்லால் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அண்ணியிடம் கொடுத்துவிட்டு என் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டினேன். அவள் பின்பலகையில் குப்புறப் படுத்தாள். நான் அவள் கணுக்கால்களைக் கட்டிப் பிடித்தேன்.

ஒவ்வொரு அலையும் அவள் தலையை மூடிவிட்டு வடிந்தது. பூட்டு திறந்தது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கினாள். ஒரு பிடி சுழன்று வந்தது. இன்னொன்று அசையவில்லை. அண்ணன் அதை ஸ்பேனர் போட்டு முறுக்கியிருந்தான். “எந்தப் பக்கம் திருப்பணும்? சொல்லு!” என்று கத்தினாள். “இடப்பக்கம்! இடப்பக்கம்!” என்று இவன் அழுதுகொண்டே கத்தினான். குட்டி சத்தமே இல்லாமல் ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பிடி விட்டுக்கொடுத்தது. மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அண்ணியின் கையைப் பலகையோடு நசுக்கிக்கொண்டு நழுவியது. அவள் போட்ட சத்தத்தில் என் பிடி தளரப் பார்த்தது, ஆனால் நான் விடவில்லை. தண்ணீர் குமிழியிட்டது. மோட்டார் போய்விட்டது.

படகின் பின்பக்கம் மூச்சு விட்டதுபோல மேலே வந்தது.

அடுத்த அலை உள்ளே வராமல் பலகையில் மோதித் திரும்பியது. “இறைங்க” என்றாள் அண்ணி. பாத்திரப் பெட்டியைத் திறந்து, கைக்குக் கிடைத்த குண்டான், சட்டி, இட்லிப் பானை மூடி என்று எல்லாவற்றாலும் இறைத்தோம். என் வீட்டுக்காரர் துடுப்பை விடவே இல்லை. அன்றுதான் அவர் தோளில் அவ்வளவு பலம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

காற்று எங்களை ஒரு பாறைக் கரையில் கொண்டுபோய் ஒதுக்கியது. அண்ணியின் கையைத் தலையணை உறையால் கட்டினேன். இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். போய் ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மேட்டில் கொண்டு வைத்தான். யாரும் கேட்காத வேலை அது.

அண்ணி என் வீட்டுக்காரர் போனிலிருந்து பண்ணைக்குப் பேசியதும் அங்கிருந்து பெரிய படகு வந்தது. சாமான் ஏற்றிய பிறகும் அதில் தாராளமாக இடம் இருந்தது.

“ஏறுங்கண்ணே” என்றார் படகுக்காரர், அண்ணனைப் பார்த்து.

“நீங்க போங்க. நான் கரையோரமா நடந்தே வர்றேன்.”

“மச்சான், சுத்து வழி. முள்ளுக்காடு” என்றார் என் வீட்டுக்காரர். அவன் கேட்கவில்லை. சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு நடக்க ஆரம்பித்தான். அண்ணி அவனைத் தடுக்கவில்லை. படகு கிளம்பிய பிறகு மட்டும் அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணி கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். புது வீட்டில் பாய் விரித்து, குட்டியைத் தூங்க வைத்து முடித்தபோதுதான் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன் நின்றிருந்தான். கால் முழுக்கக் கீறல். உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தான்.

அண்ணி எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வெந்நீரை வாளியில் ஊற்றி, ஒரு கையாலேயே இழுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் காலை உள்ளே விட்டான். அவளும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.