கை படாத மெஷின்

குருநாதன் சாருக்கு ஒரு வியாதி. எது நின்றாலும் கையை விட்டு நோண்டி ஓடவைத்துவிடுவார். எதை நோண்டினார் என்று பிறகு அவருக்கே தெரியாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி அவருடையது. ஜெயசித்ராவுக்கு அங்கேதான் வேலை.

நாலு மெஷின்கள் சேர்ந்து தகவலைப் பங்குபோட்டு வைத்துக்கொள்ளும். ஒன்று படுத்தாலும் தகவல் போகாது. அந்த நாலையும் வெறுமையிலிருந்து தானாகவே அமைக்கிற கட்டளைத் தொகுப்பை, ஸ்கிரிப்டை, எழுதியவள் அவள். ஓடவிட்டால் போதும், யாரும் தொடவேண்டாம். அரியலூரில் ஸ்கேன் சென்டர்கள் நடத்துகிறவர்கள் இன்றைக்கு அதைச் சோதித்துப் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் ஆர்டர், பிடிக்காவிட்டால் ஆபீசுக்குப் பூட்டு.

காலையில் நாலாவது மெஷின் மற்றவற்றோடு சேர மறுத்தது. ஜெயசித்ரா வேப்பந்தட்டை பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் சார் கைவைத்துவிட்டார். திரையில் நாலும் பச்சை.

"ஓடுதுல்ல? இனிமே யாரும் தொடக்கூடாது."

"அரியலூர்ல நின்னா யார் சார் கைவைக்கிறது?"

"அப்புறம் பாத்துக்கலாம். நீ வாயைத் தொறக்காத."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் கை படக்கூடாது என்றுதானே ராப்பகலாக எழுதினாள்!

ஸ்கேன் சென்டர்கள் சார்பில் பார்க்க வந்த இஃப்பத் மேடத்துக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. "நல்லா ஓடுதே," என்றார்.

"சார் கைவச்சதால ஓடுது மேடம்," என்ற ஜெயசித்ரா, நாலு மெஷினிலும் இருந்ததையெல்லாம் அழித்து, அணைத்து எழுப்பினாள்.

ஸ்கிரிப்ட் ஓடியது. மூன்று பச்சை, நாலாவது சிவப்பு. சார் கீபோர்டுக்குப் பாய்ந்தார்.

"தொடாதீங்க சார்."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு நகராமல் தேடினாள். நாலாவது, உள்பேட்டரி போன பழைய மெஷின். அணைத்து எழுப்பியதும் அதன் கடிகாரம் பின்னுக்குப் போய்விடுகிறது. நேரம் ஒத்துப்போகாததால் மற்றவை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காலையில் சார் கையால் திருத்தியது அதைத்தான். எல்லாக் கடிகாரத்தையும் முதலில் சரிசெய்யச் சொல்லி ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்தாள். திரும்பவும் நாலையும் அழித்தாள்.

"மறுபடியுமா?" என்றார் சார், அழாத குறையாக.

நாலும் பச்சை.

"எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா," என்றார் மேடம். "இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க."

ஜெயசித்ரா எழுந்துவிட்டாள். "நான் எதுக்கு மேடம்? என் கையும் இல்லாம ஓடணும். சார் செய்யட்டும்."

குருநாதன் சார் உட்கார்ந்தார். அவள் சொன்னபடி அழித்தார், ஓடவிட்டார். ஒவ்வொன்றாகப் பச்சையானது. நாலாவது கொஞ்சம் தாமதித்தது. பழக்கதோஷத்தில் சாரின் கை கீபோர்டுக்குப் போனது.

"தொடாதீங்க சார்," என்றார் இஃப்பத் மேடம். நாலாவதும் பச்சையானது. "இப்படியே எங்களுக்கு அரியலூர்ல வேணும்."