கையெழுத்துச் சோதனை

வேலையில் இருந்த காலத்தில் ஸ்டோர்கீப்பரின் கையெழுத்து விழாமல் ஒரு ஆணிகூடக் கிடங்கை விட்டு வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கீபோர்டு மாற்ற லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனவர், உள்ளே இருந்த ஒவ்வொரு பாகத்திலும் மார்க்கரால் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடைக்காரரை வேலை செய்யவே விட்டார்.

அந்த லேப்டாப்பைத்தான் இப்போது சாப்பாட்டு மேசையில் குப்புறக் கிடத்தியிருந்தார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். திருடன் வேறு யாருமில்லை, சொந்த மாப்பிள்ளை.

விஷயம் இதுதான். லேப்டாப் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று இவர் புலம்ப, மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போய் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். "சும்மா தூசிதான் தட்டினேன் மாமா" என்றார். லேப்டாப் என்னவோ பறக்கத்தான் செய்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. நல்ல பேட்டரியை உருவிக்கொண்டு பழசை மாட்டிவிட்டார் என்று ஸ்டோர்கீப்பர் முடிவு கட்டினார். கட்டியதை மனதோடு வைத்துக்கொண்டாரா? எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டார்.

மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மகள்தான் பேசினாள். "அவர்கிட்ட நீங்க மன்னிப்புக் கேக்கற வரைக்கும் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்ப்பா."

சொன்னபடியே வரவில்லை. போன் செய்தாலும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாள். அது அவரை உள்ளுக்குள் அரித்தது. ஆதாரத்தைக் காட்டினால் பெண் இறங்கி வருவாள் என்று நம்பினார்.

"இதைப் பிரிச்சு மேயறதுக்குப் பதிலா மாப்பிள்ளைக்கு ஒரு போன் பண்ணலாம்" என்றாள் மனைவி, டார்ச்சைப் பிடித்தபடி.

"நீ வெளிச்சத்தை மட்டும் காட்டு."

கழற்றிய ஸ்க்ரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டார். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து நெம்பினார். டக், டக்கென்று கொக்கிகள் விட்டன. ஒவ்வொரு டக்குக்கும் மனைவி ஒருமுறை கண்ணை மூடினாள்.

மூடி வந்தது. பாதி இடத்தைப் பேட்டரியே அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் அதன் இணைப்பை உருவிவிட்டு, லேபிளைப் பார்த்தார். அவருடைய கையெழுத்து, வாலும் சுழியுமாக, அப்படியே இருந்தது. பேட்டரியின் ஒரு ஓரம் மட்டும் லேசாக உப்பியிருந்தது.

"உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"அப்புறம் ஏன் நிக்க மாட்டேங்குது?"

"வயசாயிடுச்சு."

"யாருக்கு?" என்றாள் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. அத்தோடு மூடியிருக்கலாம், மனிதர் விடுவதாக இல்லை. ஃபேனைப் பார்த்தார், கையெழுத்து இருந்தது. ஹார்ட் டிஸ்கைப் பார்த்தார், இருந்தது. விரல் நீளத்தில் ராம் என்கிற மெமரி அட்டைகள் இரண்டு அருகருகே இருந்தன. ஒன்றில் கையெழுத்து இல்லை.

"பாத்தியா! நம்மளோடதை எடுத்துட்டு வேற எதையோ சொருகியிருக்கார்!"

"பக்கத்துல இருக்கறதுல உங்க கையெழுத்து இருக்கே?"

"அது நம்மளோடது. இது..." என்று இழுத்தவர் நின்றுவிட்டார். கடையில் பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. இன்னொன்று போட்டால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொன்னதும், வேண்டாம் என்று இவர் மறுத்ததும் நினைவுக்கு வந்தன. காலி இடத்திலிருந்து யாரும் எதையும் திருட முடியாது.

சரக்குக் குறைந்தால் கிடங்கில் திருட்டு என்பார்கள். யாருக்கும் சொல்லாமல் கூடியிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சொன்னா விட்டிருப்பீங்களா? கல்யாணமான புதுசுல ஆசையா வாட்ச் வாங்கிட்டு வந்தார். மாப்பிள்ளைகிட்ட கைநீட்டி வாங்கற வழக்கம் எனக்கில்லன்னு அத்தனை பேர் முன்னாடி திருப்பிக் குடுத்தீங்க. அன்னிக்கு அவர் முகம் போன போக்கை நீங்க பாக்கல. நான் பார்த்தேன்."

ஸ்டோர்கீப்பர் கையெழுத்தில்லாத அந்த ராமை மறுபடி பார்த்தார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே பழி நீங்கியிருக்கும். வாங்கிப் போட்ட ராமையும் மாமனார் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றுதான் பழியைச் சுமந்துகொண்டு எழுந்து போயிருக்கிறார். ஸ்டோர்கீப்பருக்கு வெட்கமாக இருந்தது.

போனை எடுத்தார். மகளை அழைக்கவில்லை, மாப்பிள்ளையை அழைத்தார். இதுவரை அழைத்ததே இல்லை.

"மாமா? என்னாச்சு? அத்தை நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லா இருக்கா. லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன் மாப்பிள்ளை."

மனைவி டார்ச்சை அணைத்தாள்.

"தப்பாப் பேசிட்டேன். பெரிய தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் விடுங்க மாமா. அதைக் கழட்டித் திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க."

ஸ்டோர்கீப்பர் செருமிக்கொண்டார். "பேட்டரி போயிடுச்சு. நீங்களே ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிக் குடுங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"அப்பா, நிஜமாவே வாங்கிக்குவீங்களா?"

"வாங்கிக்கறேன்மா" என்றார்.