புது எண்ணெய்

நெல்டா ஸ்ட்ராடின் பிக்கப் வண்டியைப் பதினாறு வருடமாக நான்தான் பழுதுபார்த்துவந்தேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மலையை ஒட்டிய எங்கள் சிற்றூரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். குதிரை டிரெய்லர் இழுக்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் வருவார்கள், பெரும்பாலும் எல்லாம் கெட்ட பிறகு. நெல்டா மட்டும் எதுவும் கெடுவதற்கு முன்னாலேயே வருகிறவள்.

முப்பதாயிரம் மைல் ஓடினால் கியர்பாக்ஸின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றியே தீரவேண்டும் அவளுக்கு. ரேடியேட்டருக்கு முன்னால் எண்ணெயைக் குளிர்விக்கத் தனியாக ஒன்று வைக்கச் சொன்னாள். எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள்ளை ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே பொருத்தச் சொன்னாள். ஏற்றத்தில் அந்த முள் இருநூற்று இருபது டிகிரியைத் தொட்டால் வண்டியை ஓரங்கட்டிவிடுவாள். பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்தே கை வலித்துப் போனாலும் முள் இறங்காமல் நகரமாட்டாள். சனிக்கிழமை காலையில் கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, நிறம் பார்ப்பாள். சிவப்பாக இருக்கவேண்டும். பழுப்பாகிவிட்டால் திங்கட்கிழமை என் பட்டறை வாசலில் நிற்பாள்.

"இங்க டாக்டர் யாரு, நீயா நானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ கசாப்புக்காரன், ஆரின். உன் கையில சிக்காம இருக்கத்தான் நான் இவ்ளோ பாடுபடறேன்" என்றாள்.

அவளிடம் ஆறு பெட்டைக் குதிரைகள் இருந்தன. பெட்ரா என்ற சாம்பல் நிறக் குதிரை சினையாக இருந்தது. பண்ணையிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோக அந்த ஒரு பிக்கப்தான் உண்டு. மற்றபடி அவளுக்கென்று இருந்தவன் தம்பி வெண்டல் மட்டும்.

போன ஜூலையில் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக பாய்ஸி நகரத்து மருத்துவமனையில் இரண்டு வாரம் கிடந்தாள். அந்தச் சமயத்தில் வெண்டல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய், நண்பனுடைய மண்தோண்டும் இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றி மலைக்கு இழுத்திருக்கிறான். நூறு டிகிரி வெயிலில், ஒரே நாளில் மூன்று நடை. பாரம் இழுக்கும்போது அழுத்தவேண்டிய பொத்தான் ஒன்று உண்டு. அதை அவன் தொடவே இல்லை. முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்தேன், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று விட்டுவிட்டேன் என்று அவனே சொன்னான். மறுநாள் கியர் மாறும்போது வண்டி தயங்குகிறது என்று என்னிடம் கொண்டுவந்தான்.

அடித்தட்டைக் கழற்றியதும் தீய்ந்த வாடை பட்டறை முழுக்கப் பரவியது. எண்ணெய் கறுப்பாக இருந்தது. தட்டின் அடியில் கிளட்ச் தகடுகளிலிருந்து உதிர்ந்த பொடி சேறுபோலப் படிந்திருந்தது. வெறும் வண்டி ஓடும், டிரெய்லரைப் பூட்டினால் ஏற்றத்தில் கைவிட்டுவிடும், பாகங்கள் வர ஆறு வாரம் ஆகும், அதுவரை எதையும் இழுக்கக் கூடாது என்று வெண்டலிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா நாளைக்குத்தான் வீட்டுக்கு வர்றா. வந்ததும் வராததுமா இதப் போயி சொல்ல முடியுமா? ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்குப் போறேன், அப்ப நானே சொல்லிக்கறேன். நீ எதுவும் பேசிராத."

சரி என்றேன். பாகங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அதுவரை ஓடட்டும் என்று புது எண்ணெய் ஊற்றி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் தீவனக் கடையில் நெல்டாவைப் பார்த்தேன். கைத்தடியோடு வந்திருந்தாள். குச்சியை உருவிப் பார்த்ததாகவும், எண்ணெய் செர்ரிப் பழம்போல இருந்ததாகவும், தான் இல்லாதபோது தம்பி பொறுப்பாக மாற்றிவைத்திருக்கிறான் என்றும் பெருமையாகச் சொன்னாள். அவன் சொல்லவில்லை என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் கடைக்காரர் அவளுடைய மூட்டைகளை வெளியே எடுத்துவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையாவது சொல்லிவிடுவான், அக்கா தம்பிக்கு நடுவில் நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். மூட்டைகளை வண்டியில் ஏற்ற உதவினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் காற்று திரும்பியது. மூன்று நாளாக மலைக்கு அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீ எங்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டது. எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார்கள். கீழ்ச்சாலையைத் தீ அடைத்துவிட்டதால் இருந்தது மேட்டுச்சாலை ஒன்றுதான். ஏழு மைல், விடாத ஏற்றம்.

நான் என் வேனில் போய்க்கொண்டிருந்தேன். நாலாவது மைலில் நெல்டாவின் பிக்கப் டிரெய்லரோடு ஓரமாக நின்றது. அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் அலறியது. சக்கரம் அசையவில்லை. முள் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஆறட்டும் ஆரின். ஆறுனா இழுத்துரும்" என்றாள்.

இழுக்காது என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

ஆறு குதிரைகள் ஏற்றிய டிரெய்லரை இழுக்க என் வேனால் முடியாது. கடந்துபோன வண்டிகள் எல்லாவற்றிலும் பாரம் இருந்தது, யாராலும் நிற்க முடியவில்லை. சாம்பல் பூப்பூவாக விழுந்தது. நெல்டா பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினாள். நைலான் தலைக்கயிறு சூட்டில் உருகி முகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வலிக்கிற காலோடு அதைச் செய்து முடிக்கும்வரை என்னைத் தொடவிடவில்லை. கடைசியாகப் பெட்ராவை மேட்டைப் பார்த்துத் திருப்பி, பின்பக்கத்தில் தட்டினாள்.

குதிரைகள் மேலே ஓடவில்லை. சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டு, ஆறும் திரும்பி, வந்த வழியே லாயத்தைப் பார்த்து இறங்கி ஓடின. குதிரைக்குப் பயம் வந்தால் வீட்டுக்குத்தான் போகும். நெல்டா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சாலையில் இறங்கினாள். நான் அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கிவந்து வேனில் போட்டேன்.

ஆறாவது நாள்தான் உள்ளே விட்டார்கள். வெண்டல் வரவில்லை. நானும் கால்நடை மருத்துவரும் அவளோடு போனோம். வீடு இல்லை. லாயம் இல்லை. இரும்பு கேட் மட்டும் சாத்தியபடி நின்றது. அதற்கு வெளியே நாலு குதிரைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. பெட்ராவும் அதில் இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று ஓடைப் பக்கம் குளம்பு கழன்று நின்றது. மருத்துவர் ஊசி போட்டு அதன் வலியை முடித்துவைத்தார். இன்னொன்று கிடைக்கவே இல்லை.

நெல்டா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கெளம்பும்போது நான்தான் சாத்துனேன். பழக்கம். வண்டியையும் நான்தான் எதையோ கவனிக்காம விட்ருக்கேன். எத விட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், தெரியல ஆரின்."

அங்கே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வெண்டல் போன மூன்று நடை, கறுப்பு எண்ணெய், நான் ஊற்றிய புது எண்ணெய், தீவனக் கடை. மருத்துவர் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நெல்டா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "இவ்ளோ நாளா என் மேல மட்டுந்தான் கோவமா இருந்துச்சு. அது தாங்கற மாதிரி இருந்துச்சு. எனக்குன்னு இருந்ததே ரெண்டு பேரு, இப்ப ரெண்டு பேரும் போயிட்டீங்க."

திரும்பும்போது என் வேனில் ஏறாமல் மருத்துவரின் வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

வெண்டல் இலையுதிர்காலத்தில் நெவாடாவுக்குப் போய்விட்டான். ஒருநாள் போனில் கூப்பிட்டு, ஏன் சொன்னாய் என்று என்னைக் கேட்டான். நெல்டா நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள். வண்டி வைத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை கடிதம் எழுதிப் போட்டேன். பிரிக்காமல் திரும்பி வந்தது.