ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

தகப்பனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு சிசிலி நிமிர்ந்து பார்த்தாள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் கோயில் உபதேசியார் செபஸ்தியாம்பிள்ளையும் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சிவசாமியும் மட்டுந்தான் நின்றார்கள். பெட்டியைச் சுமக்க ஆள் வேண்டும். இடுகாடு மலையுச்சியில் இருக்கிறது. இருட்டுவதற்குள் ஏறியாக வேண்டும்.

கிறிஸ்தவக் கோயிலில் துக்க மணி அடித்து வெகுநேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி கேட்டால், வேதக்காரர்களுக்கு ஏதோ பூசை என்று மேல்மலை லயத்துச் சனம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். கெட்டதுக்குச் சொல்லாமலே போக வேண்டும் என்பார்கள். செத்தது தெரிந்தால்தானே போவதற்கு?

“தப்பு அடிச்சா ஒரு நொடியில எல்லாரும் வந்துருவாங்க தாயி,” என்றார் சிவசாமி. தோட்டத்துத் தப்புப் பறை அவர் பொறுப்பில்தான் இருந்தது.

“சாவுத் தப்பு கூடாது. வேண்டாமெண்டு உன்ர அப்பா சூசைரட்ணமே எனக்கு வாக்குத் தந்தவர்,” என்றார் உபதேசியார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் கெட்டவரில்லை.

அப்பா வாக்குக் கொடுத்தபோது சிசிலியும் பக்கத்தில் இருந்தாள். அதை மீற அவளுக்கு மனம் வரவில்லை. தூக்க நாலு பேர் இல்லாமல் அவரைக் கிடத்தி வைத்திருக்கவும் பொறுக்கவில்லை. வெகுநாளாய் மனதை அரித்த கேள்வி ஒன்று அப்போது வாய்க்கு வந்துவிட்டது.

“விடியக்காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுக்கு எழுப்புறதும் இதே தப்புதானுங்களே? தெனமும் அதக் கேட்டுத்தான் அப்பா வேலைக்கு எந்திரிச்சாரு. ஒருநாளும் பிந்தினதில்ல. அது பாவமில்ல, இது மட்டும் பாவமா?”

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடி வேற, பிள்ளை. சாவு அடியில பேயை விரட்டுற நினைப்பு இருக்கு. பெரட்டு அடி சும்மா ஆளைக் கூப்பிடுறது.”

“எனக்கும் ஆளுதானே வேணும்? அப்ப பெரட்டு அடியே அடிக்கட்டும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். சிவசாமிதான் பதறிப்போனார்.

“ஞாயித்துக்கெழம பெரட்டா? கணக்கப்பிள்ள என் தோல உரிச்சுத் தப்பு கட்டிருவாரு!”

“போங்க மாமா. ஏசினா நான் சொல்லிக்கிறேன்.”

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு சிவசாமியிடம் திரும்பினார். “நானும் வாறன். நான் சொல்லித்தான் அடிச்சதெண்டு சொல்லு. என்ன நடக்குதெண்டு பாப்பம்.”

மேட்டிலிருந்து தப்பு முழங்கியது. பனிமூட்டத்துக்குள் லயக் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. “எவன்டா அவன், ஞாயித்துக்கெழமையும் உசுர வாங்குறான்?” என்று வைதுகொண்டே இறங்கியவர்கள், வாசலில் பெட்டியைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

உள்ளே சிசிலி கொடியில் கிடந்த அப்பாவின் கம்பளியை உருவி, உதறி, நீட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பெரட்டுத் தப்பு கேட்டால் தினமும் அதைத்தான் செய்வாள். போர்த்திவிட அப்பா தோளைத் திருப்பிக் காட்டுவார்.

வாசல் நிறைய ஆட்கள் வந்து நின்ற பிறகும் அவள் கையை இறக்கவில்லை.