பெட்டி பதியாத கதை

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நீங்கள் நினைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: காரைக்குடி செக்காலையில் எங்கள் தெரு வீடுகளுக்கு இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும்.

அந்தப் பக்கம் இருப்பவர்கள் பூமிநாதனும் பாண்டீஸ்வரியும். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடையை ஒட்டி ஒரு டாக்டர் சாயங்காலம் உட்காருவார். டாக்டர் எழுந்தால்தான் இவர் ஷட்டரை இறக்க முடியும். பாண்டீஸ்வரி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். ஒரே மகள் சத்தியப்பிரியா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். இந்தப் பக்கம் இருப்பது நான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது கதை எழுதுகிறேன்.

கதையை முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், தனிமை என்னும் பெருவெளியில்

நிறுத்திவிட்டேன். அன்றைக்குக் காரைக்குடியில் மழையே இல்லை. அதோடு, பெருவெளி என்று சொன்னால் பாண்டீஸ்வரி, "அது எந்த ஊருக்கா?" என்று கேட்பாள்.

இரண்டாவது தொடக்கம்: தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து வைக்கும் கருவிகள் பலவகைப்படும். அவற்றுள்

இது கட்டுரை. ஆனால் அடித்துப்போட மனம் வரவில்லை. அடுத்த பகுதியில் கொஞ்சம் பயன்படும்.

நடந்தது இதுதான். மகள் இருந்தவரை அம்மாவும் மகளும் ஏழரை மணி சீரியலைச் சேர்ந்து பார்ப்பார்கள். கதாநாயகியைத் திட்டுவார்கள், அவளுக்காக அழுவார்கள். (சீரியல் பெயரைச் சொல்லமாட்டேன். கதாநாயகிக்கு இளவேணி என்று நானே பெயர் வைத்துக்கொள்கிறேன்.) மகள் போனபிறகு பாண்டீஸ்வரி தனியாகப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புருஷனுக்கு ரசம் ஊற்றும்போது சொன்னாளாம்:

"தனியாப் பாத்தா அழுகைகூட வரமாட்டேங்குதுங்க."

பூமிநாதன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். ஏழரை மணிக்கு அவரால் வீட்டுக்கு வர முடியாது. அப்படியானால் ஏழரை மணியைத்தான் அவர் வரும் நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

2

சீரியலைப் பதிந்து வைக்கும் பெட்டி வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுதுகிற ஆள் என்றால் அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருப்பதெல்லாம் புரியும் என்று ஒரு நம்பிக்கை.

செக்காலை ரோட்டில் ஈஸ்வரன் என்பவரின் கடை. அவர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு வயிற்றுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க். மாதக்கணக்கில் பதிந்து வைக்கலாம். ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். மற்றது சாதாரண செட்டாப் பாக்ஸ் மாதிரிதான், பின்னால் ஒரு துளை. அதில் பென்டிரைவைச் செருகி எந்த நேரம், எந்தச் சேனல் என்று சொல்லிவைத்தால் பதிந்துகொள்ளும். ஆனால் பதியும் நேரத்தில் வேறு சேனல் பார்க்க முடியாது.

பூமிநாதனுக்குப் பெரியதன்மேல் ஆசை. பாண்டீஸ்வரிதான் கேள்வி கேட்டாள். கரண்ட் போனால் பதியுமா? பதியாது. சீரியல் நேரம் தாண்டி ஓடினால் கடைசித் துண்டு போய்விடுமா? போய்விடும், அதனால் முன்னும் பின்னும் ஐந்து நிமிஷம் கூட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார் ஈஸ்வரன். இதில் பதிந்ததை மகள் வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கலாமா? முடியாது, இந்தப் பெட்டி பதிந்தது இந்தப் பெட்டிக்குத்தான் புரியும். செல்போனிலேயே பார்க்கலாமே என்று ஈஸ்வரன் வியாபாரத்துக்கு விரோதமாக ஒரு யோசனையும் சொன்னார். பாண்டீஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. செல்போனில் பார்ப்பது இலையில்லாமல் கையில் வாங்கிச் சாப்பிடுவது போலவாம்.

சின்னதையே வாங்கினார்கள்.*

* இந்தக் கதையைப் பெட்டி வாங்கும் யோசனையோடு படிப்பவர்களுக்கு: உங்கள் வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை உண்டென்றால் பெரியதை வாங்குங்கள். ஒரே சீரியல் உள்ள வீட்டுக்குச் சின்னதே போதும்.

3

ஒப்பந்தம் என்னவென்றால், ஒருவரை விட்டு ஒருவர் பார்க்கக் கூடாது. அவர் கடை சாத்தி வந்ததும் தட்டைப் போட்டு, பதிவை ஓடவிட்டு, சேர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குப் பாண்டீஸ்வரி மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரத்தைச் சந்தேகப்படுவது எழுதுகிறவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இவள் கதாபாத்திரம் மட்டுமல்ல, எனக்குச் சாம்பார் கொடுத்தனுப்புகிறவள். ஏழரை மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் சீரியலின் பாட்டு மெல்லக் கேட்டது. இரண்டு மணி நேரம் கழித்து அதே பாட்டு சத்தமாகக் கேட்டது. மறுநாள் கேட்டேவிட்டேன்.

பதிவாகிறதா என்று பார்த்தாளாம்.

"முழுசாவா பாத்தே?"

"பாதியில எப்படிக்கா நிப்பாட்டுறது?" என்றவள், அவரிடம் சொல்லிவிடக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சுவர் வழியாக "அடியாத்தி" என்று அவள் திடுக்கிட்டது கேட்டது. நல்ல நடிப்பு.

அந்த வாரமே நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்க நான் பூமிநாதன் கடைக்குப் போனேன். ஏழே முக்கால் இருக்கும். இருமல் மருந்துப் பாட்டில்கள் மேல் சாய்த்து வைத்த செல்போனில் இளவேணி அழுதுகொண்டிருந்தாள். கல்லாவுக்கு உள்ளே பூமிநாதன், வெளியே டோக்கனோடு நாலைந்து நோயாளிகள், எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தார்.

"பாண்டீசுகிட்டச் சொல்லிப்புடாதீகக்கா."

ஒப்பந்தம் என்னவானது என்று கேட்டேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"எந்த எடத்துல அழுவான்னு முன்னாலயே தெரிஞ்சா, தட்டைக் கீழ வச்சுட்டு ரெடியா இருக்கலாம்லக்கா."

இந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

4

ஒருநாள் சாயங்காலம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. தெருவே இருட்டு. கரண்ட் வந்தபோது ஏழரை மணி சீரியல் முடிந்து, அதற்கடுத்ததும் முடிந்திருந்தது. பென்டிரைவில் ஒன்றுமில்லை.

அன்றைக்கு என்று பார்த்துத்தான், சின்ன வயதில் தொலைந்துபோன அக்காவை இளவேணி கண்டுபிடிக்கிற நாள். பாண்டீஸ்வரி அந்த நாளுக்காக மாதக்கணக்காகக் காத்திருந்தாள். மகளுக்குப் போன் போட்டால் அவள் சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டேன் என்றாளாம். பாண்டீஸ்வரி என்னைக் கூப்பிட்டாள்; போனேன். சோறு அடுப்படியிலேயே மூடிக் கிடந்தது. அவள் வெறும் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பூமிநாதன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன்: மனிதர் முழுதும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. பத்து விரலையும் நீவிக்கொண்டார். பிறகு கை கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து விட்ட எடத்துல இருந்து யோசிச்சுப் பாத்தா, இன்னைக்கு இப்படித்தான் நடந்துருக்கும் பாண்டீசு," என்று ஆரம்பித்தார்.

இளவேணி பஸ்ஸை விட்டு இறங்கியதைச் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடியதைச் சொன்னார். மருந்து வாங்க வருகிறவர்களிடம் பேசுகிற அதே நிதானக் குரல். பாண்டீஸ்வரி மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன சேலை கட்டிருந்தா?"

"மாம்பழக் கலரு. அரக்கு பார்டரு."

நான் தரையைப் பார்த்தேன். அவர் நிற்காமல் சொல்லிக்கொண்டே போய், கட்டிலில் அக்கா படுத்திருக்கும் அறைக் கதவுவரை வந்ததும் நிறுத்தினார். சீரியலில் அந்தக் கதவுக்குப் பின்னால் அக்கா தங்கையை ஒருமுறை பார்த்துவிட்டுச் செத்துப்போனாள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும். அவருக்கு அப்போதே தெரியும். அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார்.

"கதவைத் தொறந்தா, அக்காக்காரி எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு கேக்குறா, 'இம்புட்டு நேரமா வர்றதுக்கு? சாப்பிட்டியாடி?'"

பாண்டீஸ்வரி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். எழுந்து போய் மூன்று தட்டு எடுத்துவந்தாள்.

5

மறுநாள் ஏழரைக்கு அவள் பார்த்தது அக்காவின் படத்துக்கு மாலை. எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் அழுகையே இல்லை.

"அவுக பாத்துருக்காகக்கா. பாக்காம சேலைக் கலரு தெரியுமா?"

கோபமா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"செத்தவளைப் பொழைக்க வச்சுட்டாகல்ல."

அன்றைக்கே பென்டிரைவைப் பிடுங்கிப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அவர் வந்து ரிமோட்டை அமுக்கினால் ஒன்றும் பதியவில்லை. பெட்டி சரியில்லை போல, நீங்களே சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார். அடுத்த நாளும் சொன்னார். அவள் ஏழரை மணிக்கு டிவி போடுவதையே விட்டாள். பார்த்தால் அவர் சொல்வதன் ருசி கெட்டுவிடுகிறதாம். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் சீரியல் பேச்சை எடுத்தால் கையமர்த்திவிடுகிறாள். அங்கே கடையில் பூமிநாதனும் போனைத் தொடுவதில்லை. சீட்டை வாங்கி மாத்திரை எடுக்கும்போதே உதடு அசைகிறது. ஒருநாள் என்னைத் தனியே இங்குட்டு வாங்க என்று கூப்பிட்டுக் கேட்டார்:

"ஒரு ஆளைக் கொல்லாம, கதைய விட்டு எப்படிக்கா வெளியூருக்கு அனுப்புறது?"

மாற்றல் உத்தரவு போடலாம் என்றேன். வில்லன் அந்த வாரமே மாற்றலாகிப் போனான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என் கதைகளை வாசிக்க யாரும் தட்டோடு காத்திருப்பதில்லை.

சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தபோது பூமிநாதனே டப்பாவைத் திறந்திருக்கிறார். பென்டிரைவைப் பார்த்திருக்கிறார். மூடிவைத்துவிட்டு என்னிடம் வந்து, தான் எதையும் பார்க்கவில்லை என்று என்னையே சாட்சி வைத்துக்கொண்டு போனார். பெட்டியை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று இருவரும் அடிக்கடி சொல்கிறார்கள். ஈஸ்வரன் கடை நடக்கிற தூரம்தான். ஒருவரும் போகவில்லை.

இப்போது இளவேணியும் அக்காவும் திருக்கோஷ்டியூரில் வாடகைக்குக் கடை பிடித்து மருந்து விற்கிறார்கள். மேல்மாடியில் அக்கா ரவிக்கை தைக்கிறாள்.

6

இனி முடிவு.

முதல் முடிவு: பாண்டீஸ்வரி டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள், அவரும் அவள் கைகளைப் பற்றிக்கொண்டு

வேண்டாம். ஒப்புக்கொள்ள அவர்களுக்குள் என்ன மிச்சமிருக்கிறது?

இரண்டாவது முடிவு: பொங்கலுக்கு வந்த சத்தியப்பிரியா, பெட்டி ஏன் பதியவில்லை என்று பின்னால் குனிந்து பார்க்கிறாள், பென்டிரைவைத் தேடி

வேண்டாம். அந்தப் பெண் உண்மையிலேயே பொங்கலுக்கு வந்தாள். அப்பா கதை சொல்வதைக் கேட்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள், ஊருக்குப் போனபிறகு தினமும் போனில் கேட்கிறாள். பெட்டிப் பக்கமே போகவில்லை.

மூன்றாவதுதான் எனக்குச் சிக்கல். (அடைப்புக்குறிக்குள் மெதுவாகச் சொல்கிறேன், சுவர் கேட்கும்: அந்தச் சீரியலே முடிந்துவிட்டது. போன மாதமே வணக்கம் போட்டு, ஏழரை மணிக்கு இப்போது வேறொன்று ஓடுகிறது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.)

இந்தக் கதை அச்சானால் அவர்கள் படிப்பார்கள். நான் எழுதுவதில் பாதி புரியாது என்பாள் பாண்டீஸ்வரி, ஆனாலும் ஒரு வரி விடமாட்டாள். முடிந்துபோன ஒன்றை இத்தனை நாளாக நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தால் வெட்கப்படுவார்களா, விழுந்து விழுந்து சிரிப்பார்களா, அன்றைக்கு ராத்திரியும் அவர் கை கழுவிவிட்டு வந்து உட்காருவாரா? எனக்குத் தெரியவில்லை. பெயர்களை மாற்றிப் பார்த்தேன். பூமிநாதனை இராமநாதன் ஆக்கினால் அவருக்குக் காது சிவக்கமாட்டேன் என்கிறது.

ஆகவே பத்திரிகைக்கு அனுப்புவதா கிழித்துப்போடுவதா என்பதை உங்களிடம் விடுகிறேன். இது உங்கள் கையில் இருக்கிறதென்றால் அனுப்பிவிட்டேன் என்றுதான் அர்த்தம். அதற்குப் பின்னால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் யோசித்து வைத்திருந்த நான்காவது முடிவில், அவர்கள் இருவரும் ஒரு

பாண்டீஸ்வரி சுவரில் தட்டுகிறாள். "அக்கா, தட்டு போட்டாச்சு. அவுக ஆரம்பிச்சுட்டாக."

இன்றைக்கு இளவேணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நான் போக வேண்டும்.