தகரத்தில் நின்ற கியர்

கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் மகதலேனா. சைட்கார் வைத்த மோட்டார்சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு தம்பி இருதயம் ஜெஞ்சாரோம் பக்கம் விரைந்தான். அங்கே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மாரியாயிக்கு நேற்றிலிருந்து வலி. பிள்ளை இன்னும் வெளிவரவில்லை.

பாதி வழியில் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கியர் மாற்றக் கை வைத்தான். பெட்ரோல் தொட்டியை ஒட்டியிருந்த கியர்க் கைப்பிடி அடியோடு முறிந்து கையில் வந்துவிட்டது.

அடுத்த கடைத்தெருவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சைக்கிள் கடை முதலாளியான சீனத் தவுக்கே உதட்டைப் பிதுக்கினார். "இதுக்குச் சாமான் சிங்கப்பூர்லேருந்துதான் வரணும்" என்றார் மலாய் மொழியில்.

மகதலேனா பையை எடுத்துக்கொண்டாள். "நான் நடக்கிறேன்."

"இரு அக்கா, செஞ்சிடுறேன்."

"செய்யி, யார் வேணாம்னா? அவ வலியோட கெடக்கிறா, நான் இங்க உட்கார்ந்திருக்க முடியாது."

அவள் போய்விட்டாள். இருதயம் கடைக்குப் பின்னாலிருந்த இரும்புக் குவியலைக் கிளறினான். வேறு ஏதோ வண்டியின் பழைய கியர்க் கைப்பிடி ஒன்று துருவோடு கிடைத்தது. மாட்டிப் பார்த்தான். துளை பெரிது, லொடலொடவென்று ஆடியது. பால் டின்னை வெட்டி, கைப்பிடி மாட்டும் ஆணியைச் சுற்றித் தகரத்தைத் திணித்தான். அது கிழிந்தது. இன்னொன்று வெட்டினான். விரலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு மறுபடி வெட்டினான். இந்தத் தடவை இறுகிக்கொண்டது.

ஆனால் கியர்ப் பெட்டிக்குப் போகும் கம்பி எட்டவில்லை. கைப்பிடியைத் திருப்பிப் போட்டதும் எட்டியது. முன்னால் தள்ளினால் விழ வேண்டிய கியர் இப்போது பின்னால் இழுத்தால் விழுந்தது. விழுந்தால் போதும் என்று கிளம்பினான்.

செம்மண் சாலையில் சேலையைத் தூக்கிச் செருகியபடி நடந்துகொண்டிருந்த அக்காவைப் பிடித்துவிட்டான். "ஏறு."

லயத்தில் மாரியாயியின் பிள்ளை, தலைக்குப் பதில் காலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. மகதலேனா திருப்பி, இழுத்து, எப்படியோ உயிரோடு எடுத்துவிட்டாள். பெண். ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து லோரி காஜாங் ஊருக்குப் போயிருந்தது. மாரியாயியின் புருஷன் கன்னையா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்று வாசலுக்கு வந்தாள் மகதலேனா. "வண்டி தாங்குமாடா?"

தகரம் பாதி பிதுங்கி நின்றது. இருதயம் அதை உள்ளே அடித்தான். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, பல்லால் இழுத்து, மேலே வரிந்து கட்டினான்.

"தாங்க வெக்கிறேன்."

பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள். மாரியாயியை சைட்காரில் கிடத்தி, அவள் காலடியில் குந்தி வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள் மகதலேனா. இரண்டாவது கியரில் போட்ட இருதயம், அதன்பின் கைப்பிடியைத் தொடவே இல்லை. மேட்டில் எஞ்சின் திணறியபோது கிளட்சை விட்டுவிட்டுப் பிடித்தான். மாட்டு வண்டிக்காரனிடம் கத்தி வழி வாங்கினான். கிள்ளான் வரும்வரை வண்டி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தவனிடம் சாயங்காலம் அக்கா வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ரத்தம் நின்னுடுச்சு. கண்ணைத் தெறந்து பிள்ளையைக் கேக்கிறா."

"அப்ப நான் போய்ப் பிள்ளையையும் கன்னையாவையும் கூட்டிட்டு வரேன்" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினான் இருதயம்.